நனையாத வண்டி

எங்க ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு நீள ஷெட்டு இருக்கு. தகரக் கூரை, இழுத்தா கத்துற கதவு. அதுக்கு நாங்க வச்ச பேரு பென்ஷன். ஓடி முடிச்ச தீயணைப்பு வண்டிங்க எல்லாம் அங்க தான் நிக்கும். நான் பல் துலக்குறேனோ இல்லையோ, தினமும் அங்க போய் ஒரு சுத்து சுத்திட்டு தான் வேலைக்குப் போவேன். எனக்கு அப்படி ஒரு பைத்தியம், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

முதல்ல நிக்கறது அம்பதுகள்ல வந்த, மேல்கூரையே இல்லாத வண்டி. இப்ப அதுக்கு ஒரே வேலை, எங்க ஆள் யாராவது செத்தா சவப்பெட்டிய அதுல ஏத்தி கல்லறைக்குக் கொண்டு போறது. அடுத்தது பசு. நெஜமான பால் டேங்கர் அது, பண்ணைக்காரர் ஒருத்தர் குடுத்தாரு, சிவப்பு பெயின்ட் அடிச்சு தண்ணி வண்டி ஆக்கிட்டாங்க. இப்பவும் பெயின்ட் உரியற எடத்துல எல்லாம் வெள்ளை எட்டிப் பாக்கும். கடைசில, சுவரோரமா, தார்ப்பாய் போத்தி ஒண்ணு நிக்குது. அத மட்டும் நான் தொடமாட்டேன். யாருமே தொடமாட்டாங்க. ஒரே ஒரு தடவ வெளிய போயிட்டு வந்த வண்டி அது.

அந்தக் கதைய சொல்லிடறேன், ஏன்னா அது தெரியலன்னா மத்தது எதுவும் புரியாது.

நாங்க யாரும் சம்பளத்துக்கு இந்த வேலை பாக்கல. பென்சில்வேனியாவுல, கரி தீர்ந்துபோன ஒரு மலை மேல இருக்கற குட்டி ஊரு எங்களது. சைரன் ஊதினா கடைய, டிராக்டர, பாதி சாப்பாட்ட அப்படியே விட்டுட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வர்ற கூட்டம். இப்படிப்பட்ட எடத்துல ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி வந்தா, ஓய்வு பெறப் போற பழைய வண்டியோட டேங்குல இருக்கற தண்ணிய எடுத்து அது மேல பீச்சி நனைப்போம். நனைச்சு, துண்டால துடைச்சு, எல்லாரும் சேர்ந்து கையால தள்ளி உள்ள நிறுத்துவோம். அப்புறம் தான் அது எங்க வண்டி. அதுக்கு முன்னாடி அது வெளிய போகக் கூடாது.

எழுபதுகள்ல ஒரு புது வண்டி நல்ல பனிக்காலத்துல வந்துருக்கு. குளிர்ல தண்ணி உறைஞ்சிடும், வசந்தம் வரட்டும் நனைச்சுக்கலாம்னு விட்டுட்டாங்க. நடுவுல ஒரு தீ. பியஸ் வாஷ்கவிச்னு ஒருத்தர் அத ஓட்டிட்டுப் போனாரு. வண்டிக்கு ஒரு கீறல் கூட இல்ல. பியஸ் பம்ப் பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு, எதிர் வீட்டுச் சுவரு அப்படியே அவர் மேல சாஞ்சிடுச்சு. வண்டிய வேற யாரோ திருப்பி ஓட்டிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் யாரும் அதுல ஏறல. பழைய ஓட்டை வண்டியவே பல வருஷம் வச்சு ஓட்டிருக்காங்கன்னா பாருங்க.

பியஸோட தம்பி ஸ்டஷ் இன்னும் இருக்காரு. எண்பதத் தொடப் போறாரு. நெருப்புக்கு வரமாட்டாரு, ஆனா சைரன் ஊதினா கைத்தடியோட ஸ்டேஷன் வாசல்ல வந்து நிப்பாரு. போறவங்களையும் எண்ணுவாரு, வர்றவங்களையும் எண்ணுவாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த ஆகஸ்ட்ல எங்களுக்குப் புது வண்டி வந்துச்சு. ஓய்வு பெறப் போறது லூசில். லூசில்னா நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தவ. அவளோட டிரைவர் என் அக்கா மார்ஸி. அப்பா அம்மா போனதுக்கப்புறம் எனக்கு இருக்கறது அவ ஒருத்தி தான், அதனால இந்தக் கதையில எனக்கு பயம் எதப் பத்தின்னு நீங்க தேட வேண்டியதில்ல.

லூசிலுக்கு ஏன் ஓய்வுன்னா, பிரேக். பின் சக்கர டிரம் ரெண்டுலயும் விரிசல். சோதிக்க வந்தவரு பாத்துட்டு, டேங்கு காலியா இருந்தா சமதளத்துல ஊர்வலம் போகலாம், வேற எங்கயும் கூடாதுன்னு சொல்லிட்டாரு. எல்லாருக்கும் தெரியும் இது. ஆனா நனைக்கற சடங்குக்கு அவ டேங்குல தண்ணி வேணும்ல? சனிக்கிழமை காலைல நானே கழுத்து வரைக்கும் நிரப்பினேன். ஸ்டேஷன் வாசல் சமதளம் தானே, நின்ன எடத்துல இருந்து பீச்சப் போறா, அவ்வளவு தான்னு நெனச்சோம்.

மத்தியானம் ஊரே கூடிருச்சு. உருளைக்கிழங்கு துருவி எண்ணெயில சுடுற ப்ளீனி வாசனை, பீர், குழந்தைங்க கத்தல். மலைக்கு அந்தப் பக்கம் வானம் மட்டும் கன்னிப்போன மாதிரி நீலமா இருந்துச்சு, காத்து சுத்தமா இல்ல. பக்கத்து ஊரு வண்டிங்க எல்லாம் சாயங்கால ஊர்வலத்துக்குத் தான் வரும்.

முதல்ல ரேடியோவுல விடைகொடுத்தாங்க. கவுன்டி ரேடியோவுல பேசற பொண்ணு லூசிலோட நம்பரக் கூப்பிடும், நாங்க யாரும் பதில் சொல்லமாட்டோம். மறுபடி கூப்பிடும், பதில் கிடையாது. "எஞ்சின் முப்பத்தொண்ணு பணி முடித்தது. இனி ஓய்வு." எங்க ஆளுங்க செத்தா கல்லறையில இதே வார்த்தை தான் ஒலிபெருக்கில வரும். மார்ஸி ஸ்டியரிங்க ரெண்டு தட்டு தட்டினா. ஸ்டஷ் தொப்பியக் கழட்டினாரு.

எங்க சர்ச் ஃபாதர் மிரோன் ஆசீர்வாதம் பண்ண புது வண்டி முன்னாடி வந்து புத்தகத்தப் பிரிச்சாரு. அப்ப ஊதிச்சு சைரன்.

முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க, சடங்குக்காக ஊதறாங்கன்னு. அப்புறம் ரேடியோ: ஃபர்னஸ் ரோட்டுக்குக் கீழ, ஒட்டு வீட்டு வரிசையில, சமையலறைத் தீ, புகை மாடிக்குப் போயிடுச்சு.

ஒட்டு வீட்டு வரிசைன்னா சுவரோட சுவர் ஒட்டிக் கட்டினது, ஒண்ணு பிடிச்சா வரிசையே போயிடும். ஃபர்னஸ் ரோடுன்னா எங்க மலையிலயே செங்குத்தான இறக்கம்.

ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு பளபளன்னு, டேங்கு நிறைஞ்சு, எல்லா குழாயும் அடுக்கி, புத்தம் புது பிரேக்கோட. இன்னொண்ணு இப்ப தான் ரேடியோவுல செத்துப்போச்சு. சீஃப் எல்வுட் ஃபெட்டரால்ஃப் ரெண்டையும் மாறி மாறிப் பாத்தாரு. நல்ல மனுஷன், சாதாரணமா யோசிக்காம எதுவும் செய்யமாட்டாரு. ஸ்டஷ் புது வண்டி முன்னாடி போய் கைத்தடிய ஊனி நின்னுட்டாரு, அவ்வளவு தான்.

"நனைக்காத வண்டி போகாது," சீஃப் சொன்னாரு. "லூசில எடு."

நான் ஓடினேன். "சீஃப், சீக்கிரம் ஒரு குழாய மாட்டி நனைச்சிடலாமே."

"மாட்டி, பம்பப் போட்டு, நனைச்சு, துடைச்சு, உள்ள தள்ளி, மறுபடி வெளிய எடுக்கவா? அதுக்குள்ள வரிசையே சாம்பல்டா ஜூட்."

மார்ஸி ஏற்கெனவே சீட்டுல இருந்தா. ஜன்னலப் புடிச்சுத் தொங்கினேன். "டேங்கு நிறைய தண்ணி இருக்கு. பிரேக் தாங்காது. கொட்டிட்டாவது போ."

"தண்ணியக் கொட்டிட்டு நெருப்புக்குப் போய் என்ன பண்றது, பேசிட்டு வர்றதா?"

"மார்ஸி, நான் விளையாடல."

"சின்ன கியர்ல இறக்கிக்கறேன்டா. இவள எனக்குத் தெரியும். கைய எடு."

சீஃப் அவ பக்கத்துல ஏறினாரு, பின்னாடி நாலு பேரு. லூசில் வாசலத் தாண்டினா. மார்ஸி ரேடியோவுல, "எஞ்சின் முப்பத்தொண்ணு கெளம்பியாச்சு"ன்னா. அந்தப் பக்கம் பதிலே இல்ல. ஏன்னா அந்த நம்பர் இப்ப புது வண்டிக்குப் போயிருச்சு, லூசிலுக்குன்னு ஒரு பேரு இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பொண்ணு, "யாரு பேசறது?"ன்னு கேட்டுச்சு.

நான் திரும்பி புது வண்டியப் பாத்தேன். அத ஓட்டறதுக்குப் பயிற்சி எடுத்தவன் நான். சாவி உள்ள தான் இருந்துச்சு.

"ஸ்டஷ், வழிய விடுங்க."

"முடியாதுடா தம்பி."

"என் அக்கா அந்த வண்டியில போயிட்டு இருக்கா."

"என் அண்ணன் இந்த மாதிரி வண்டியில போனான்."

"அவரு சுவரு விழுந்து செத்தாரு. இவ பிரேக் இல்லாம போறா. எது பெருசு சொல்லுங்க."

அவரோட கைத்தடி கொஞ்சம் நகந்துச்சு, எனக்கு அது போதும். ஏறி உக்காந்தேன். வேற ஒருத்தனும் ஏறல. எங்க கூட வளந்த பசங்க, எரியற வீட்டுக்குள்ள யோசிக்காம புகுறவங்க, அத்தன பேரும் தரையப் பாத்துட்டு நின்னாங்க. ஃபாதர் மிரோன் மட்டும் அங்கியத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்க கதவத் தொறந்தாரு.

"எனக்குக் குழாய் புடிக்கத் தெரியும்," அப்படின்னாரு. தீர்த்தத் தண்ணிய கண்ணாடி மேல தெளிச்சாரு. "இது போதாதா ஸ்டஷ்?"

"ஃபாதர், உங்க தண்ணி மேல போறவங்களுக்கு," ஸ்டஷ் சொன்னாரு. "நான் கேக்கறது இங்க இருக்கறவங்களுக்கு."

வண்டிய எடுத்தேன். அது என்னா ஓட்டம் தெரியுமா, வெண்ணெய். வேற நாளா இருந்தா நான் அழுதிருப்பேன் சந்தோஷத்துல. ஃபர்னஸ் ரோடு உச்சியில திரும்பினதும் வாசனை வந்துடுச்சு. பிரேக் கருகற நாத்தம், ஒரு தடவ மோந்தா மறக்காது. முன்னாடி, இறக்கத்துல பாதியில, லூசில். பின் சக்கரத்துல இருந்து வெள்ளையா புகை.

ரேடியோவுல மார்ஸி. குரல்ல ஒரு நடுக்கமும் இல்ல, அது தான் என்னக் கொன்னுச்சு. "பிரேக் போச்சு. கியரும் நிக்கல. கீழ ரோட்டுல ஆளுங்க இருக்காங்களா?"

கீழ ரோடு நிறைய ஆளுங்க. ஒட்டு வீட்டுக்காரங்க எல்லாம் நெருப்புக்கு பயந்து ரோட்டுல வந்து நின்னாங்க, குழந்தைங்களோட.

"இருக்காங்க மார்ஸி," நான் தான் சொன்னேன்.

"நீ எங்கடா இருக்க?"

"உனக்குப் பின்னாடி."

"எதுல?"

கேக்கும்போதே அவளுக்குப் புரிஞ்சிருச்சு. "அடப்பாவி," அப்படின்னா.

வளைவுக்கு முன்னாடி இடது பக்கம் கரிக்கழிவு மேடு ஒண்ணு இருக்கு. சுரங்கக்காரங்க காலத்துல கொட்டினது, மலை மாதிரி, கருப்புப் பொடி. அவ அதப் பாத்துத் திருப்பினா. எனக்கு அது மெதுவா நடந்த மாதிரி தான் ஞாபகம். லூசில் மூக்கு உள்ள போச்சு, கருப்புத் தூசி மேல எழும்புச்சு, வண்டி ஒரு பக்கமா சாஞ்சு படுத்துச்சு, அப்புறம் டேங்கு கிழிஞ்சு தண்ணி. அவ்வளவு தண்ணியும் அந்தப் பொடிக்குள்ள இறங்கிடுச்சு.

என் கால் பிரேக்குக்குப் போச்சு. ரேடியோ கரகரன்னுச்சு. "நிக்காத. எல்லாரும் உசிரோட இருக்கோம். கீழ போ."

"மார்ஸி..."

"ஜூட், நின்னேன்னு வையி, நானே வந்து உதைப்பேன். போ."

ஃபாதர் என் தோள்ல கை வச்சாரு. நான் தாண்டிப் போனேன். என் வாழ்க்கையில நான் செஞ்சதுலயே கஷ்டமான வேலை அது. கண்ணாடியில கூடப் பாக்கல.

நெருப்ப அணைச்சோம். ஒரு சமையலறையும் மாடி ஜன்னலும் போச்சு, அவ்வளவு தான். வரிசை தப்பிச்சுது. ஃபாதர் அங்கியெல்லாம் கரியா குழாயப் புடிச்சுட்டு நின்னாரு, நல்லா தான் புடிச்சாரு. நான் பம்ப் பக்கத்துல நின்ன நேரம் முழுக்க எதிர்ச் சுவத்தையே பாத்துட்டு இருந்தேன். அது அசையல.

மார்ஸிக்குத் தோள் எலும்பு முறிஞ்சுது. சீஃப் நெத்தியில தையல். பின்னாடி இருந்தவங்களுக்குச் சிராய்ப்பு. யாரும் சாகல.

இத நல்ல செய்தின்னு நீங்க நெனப்பீங்க. நானும் நெனச்சேன். ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தப்ப ஸ்டஷ் வாசல்ல நின்னாரு, எண்ணினாரு. மறுபடி எண்ணினாரு. எல்லாரும் இருக்காங்கன்னு தெரிஞ்சதும் அந்த முகத்துல நிம்மதி வரல. சாப்பிட்டு முடிச்சும் பில்லு இன்னும் வரலன்னா ஒரு முகம் வருமே, அது.

அடுத்த வாரம் கூட்டம் போட்டோம். சடங்க இப்பவாவது முடிச்சிடலாம்னு சீஃப் சொன்னாரு. ஆனா லூசில் டேங்குல சொட்டுத் தண்ணி கிடையாது, கிழிஞ்ச டேங்குல இனி ஊத்தினாலும் நிக்காது.

"பசுவோட தண்ணிய எடுத்துக்கலாமே," யாரோ சொன்னாங்க.

"யாரோட எடத்துக்கு வருதோ அவளோட தண்ணி தான்டா வேணும்."

"அப்ப கரித்தூளப் பிழிஞ்சா ஒரு டம்ளர் வராதா?"

ஒருத்தனும் சிரிக்கல. ஃபாதர் மிரோன் தான் தெளிச்ச தண்ணிய கணக்குல சேக்கச் சொன்னாரு, அதையும் யாரும் எடுத்துக்கல. கடைசில ஒண்ணும் முடிவாகாம கலைஞ்சோம். லூசில இழுத்துட்டு வந்து பென்ஷன்ல, தார்ப்பாய் வண்டிக்குப் பக்கத்துல நிறுத்தினோம். வேற எடம் இல்ல. கரித்தூள் இன்னும் அவ மேல இருந்து கொட்டிட்டே இருக்கு, நான் எவ்வளவு கூட்டினாலும்.

புது வண்டிய தார்ப்பாய்ல போத்த முடியாது, எங்களுக்கு இருக்கறது அது ஒண்ணு தான். அதனால இப்படி ஆயிருச்சு: சைரன் ஊதினா எல்லாரும் வருவாங்க, சட்டை தொப்பி மாட்டுவாங்க, அப்புறம் அவங்கவங்க சொந்த பிக்கப்பு வண்டியில ஏறி நெருப்புக்குப் போவாங்க. புது வண்டியில ஏறாததுக்கு ஆளுக்கொரு சாக்கு: ஒருத்தனுக்கு வயித்து வலி, ஒருத்தன் நெருப்பு முடிஞ்சு நேரா வீட்டுக்குப் போகணும், ஒருத்தன் வழியில பெட்ரோல் போடணும். சீஃப் முன்னாடி ஜீப்புல போவாரு. புது வண்டிய நான் மட்டும் தனியா ஓட்டிட்டுப் போவேன். ஒவ்வொரு தடவ திரும்பி வரும்போதும் ஸ்டஷ் என்னப் பாத்து விரல மடக்குவாரு. இன்னிக்கும் அது யாரையும் எடுக்கல, அப்படின்னு.

மார்ஸி அக்டோபர்ல திரும்பி வந்தா. தோள் சரியாகறதுக்கு முன்னாடியே.

"நான் ஓட்டறேன். நீ எறங்கு," அப்படின்னா.

"முடியாது."

"ஏன்?"

"ஏன்னு உனக்கே தெரியும்."

"அப்ப நீ செத்தா பரவால்லயா? உன்ன அனுப்பிட்டு நான் என்ன சந்தோஷமா வீட்டுல கேக் சுட்டுட்டு இருப்பேனா?"

சண்டை போட்டோம், சமையலறையில, தட்டு ஒண்ணு உடைஞ்சுது. கடைசில அவ ஓட்டுவா, நான் பக்கத்துல உக்காருவேன்னு ஆச்சு. ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரியும் இல்ல, தோத்த மாதிரியும் இல்ல.

போன வியாழக்கிழமை சைரன். மேல காட்டுப் பக்கம் ஒரு களஞ்சியத்துல புகை. மழை விட்டு ரோடெல்லாம் ஈர இலை. மார்ஸி ஸ்டியரிங்ல, நான் பக்கத்துல. வெளிய பசங்க அவங்கவங்க பிக்கப்ப நோக்கி ஓடிட்டு இருந்தாங்க. அப்ப பின் கதவு தொறந்துச்சு. திரும்பிப் பாத்தா ஸ்டஷ். கைத்தடிய உள்ள போட்டுட்டு, ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சு, மூச்சு வாங்கிக்கிட்டு ஏறிட்டு இருக்காரு.

"என்ன பண்றீங்க?" மார்ஸி கேட்டா.

"வரேன்."

"நெருப்புக்கா? இந்த வயசுலயா? எறங்குங்க."

"நனையாத வண்டிக்கு ஒரு ஆள் வேணும் மார்ஸி. பியஸ் போய் நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, எனக்குத் தெரியும் அது சும்மா போகாது. ஏதோ ஒரு நாள் எடுக்கும். எடுக்கறப்ப உள்ள நான் இருந்தா, அது உங்கள எடுக்க வேண்டியதில்ல. வண்டிய எடு."

மார்ஸி அசையல. "பெல்ட் போடுங்க."

"எனக்கு எதுக்கு?"

"போட்டா தான் நகரும்."

அவரு சலிச்சுக்கிட்டே பெல்ட்ட மாட்டினாரு. மார்ஸி வண்டிய எடுத்தா. ஸ்டேஷன் வாசல்ல இன்னிக்கு எண்ணறதுக்கு யாரும் இல்ல.

மலை ரோட்டுல முதல் வளைவு வந்தப்ப முன்னாடி பலகையில ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சுது, கூடவே பீப் பீப்னு சத்தம். இந்தப் புது வண்டிங்கள்ல எந்த சீட்டுல பெல்ட் கழண்டாலும் அது கத்தும், மாட்டற வரைக்கும் நிறுத்தாது. விளக்கு காட்டினது பின் சீட்டு.

"ஸ்டஷ், மாட்டுங்க," மார்ஸி ரோட்ட விட்டுக் கண்ண எடுக்காம சொன்னா.

பீப் பீப்.

"ஸ்டஷ்."

அவரு ஜன்னலுக்கு வெளிய மரங்களப் பாத்துட்டு, மடியில கைய வச்சுட்டு உக்காந்திருந்தாரு. கோயில்ல உக்காந்த மாதிரி.

"ஜூட்," மார்ஸி சொன்னா, "பின்னாடி போய் அந்த மனுஷன புடி."

நான் என் பெல்ட்ட கழட்டினேன். சீட்டுக்கு நடுவுல தாண்டி, வண்டி வளையற வளைவுல முட்டி மோதி, அவர் பக்கத்துல விழுந்தேன். பெல்ட்ட எடுத்து அவர் மேல மாட்டப் போனேன், அவரு கொக்கியக் கையால பொத்திக்கிட்டாரு. அந்தக் கையில அவ்வளவு பலம் இருக்கும்னு நான் நெனக்கல. வேற வழி இல்லாம என் கைய அவர் நெஞ்சுக்குக் குறுக்க வச்சு, சீட்டோட சேத்து அழுத்திப் புடிச்சேன். அவரு இதயம் என் உள்ளங்கையில அடிச்சுது, வேகமா, குருவி மாதிரி.

அடுத்த வளைவு. டயருக்கு அடியில ஈர இலை வழுக்கறது எனக்கே தெரிஞ்சுது. பீப் சத்தம் இப்ப வேற மாதிரி, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு வந்துச்சு. ஸ்டஷ் காதக் கூர்மையாக்கிக் கேட்டாரு, முன் பலகையப் பாத்தாரு, அப்புறம் மெதுவா, பெல்ட் இல்லாம உக்காந்திருந்த என் பக்கம் திரும்பினாரு. அவர் முகத்துல நான் அதுவரைக்கும் பயத்தப் பாத்ததே இல்ல.

"டேய்," அப்படின்னாரு. "இப்ப ரெண்டு சீட்டு கத்துதுடா."